ரயிலுக்குப் போக ஒரு ரோடு

ஹால்ட் ஏஜென்ட் என்பவன் ரயில்வேக்காரனும் இல்லை, வெளியாளும் இல்லை; சின்ன நிறுத்தத்தில் கமிஷனுக்கு டிக்கெட் விற்றுவிட்டு, வண்டி தாமதமானால் திட்டை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறவன். இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே அப்படி ஒரு நிறுத்தத்தில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தேன். வராத வண்டிக்காக வெயிலில் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மீன் பெட்டிப் படி

எங்கள் நிறுத்தத்தில் பிளாட்பாரம் தரையோடு தரையாகக் கிடந்தது. வண்டியின் முதல் படியே இடுப்பு உயரம். அதனால் பழைய மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறி வண்டிக்குள் போவார்கள். வண்டியின் ஒரு பெட்டியில் ஆள் ஏறியதும் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியின் அடுத்த பெட்டிக்கு ஓடுவேன். கார்டும் பொறுத்திருந்துதான் கொடி காட்டுவார்.

பிளாட்பாரத்தை உயர்த்தச் சொல்லி, பார்வையிட வந்த அதிகாரியிடம் கேட்டேன். நிதி வரட்டும் என்றார். அன்றைக்கெல்லாம் பக்கத்து நெடுஞ்சாலையில் அகலப்படுத்தும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தினமும் பரமக்குடிச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் பாக்கியம், தலையில் கூடையோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரி நகர்ந்ததும் சொன்னாள்: "அவுகளுக்கு நிதி வாரப்ப வரட்டும்ணே. எனக்கு முட்டி போயிருச்சு, நீங்க பெட்டியப் போடுங்க."

மூக்கு

ஒருநாள் காலை வண்டி ரத்து. பெரிய ஸ்டேஷனில் விற்பனைக்கு டிக்கெட் கட்டு வாங்க நானும், சந்தைக்குப் போகப் பாக்கியமும் நெடுஞ்சாலைக்கு நடந்து பஸ் ஏறினோம். கண்டக்டர் கூடையைப் பார்த்ததும் விசில் அடித்துவிட்டார். "கூடைய இறக்குங்கத்தா. இல்லேன்னா மத்த அம்புட்டுப் பேரும் இறங்கிருவாக."

அவள் கெஞ்சவில்லை. இறங்கிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் மூக்கைப் பொத்தியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டுல இது இல்லாம ஒருத்தருக்கும் சோறு எறங்காது. பஸ்ல ஏறுனாத்தான் மூக்கு மொளைக்குது."

எங்கள் கோரிக்கை

தேர்தல் வந்தது. வேட்பாளர் வருகிறார், ஊருக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள் என்று அவர் ஆட்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நெடுஞ்சாலையிலிருந்து நிறுத்தத்துக்கு வரும் பாதை அப்போது வெறும் மணலும் கருவேல முள்ளும்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ரயிலுக்கு வர வேண்டும்.

பிளாட்பாரம் கேட்கலாம் என்றது ஊரில் ஒரு கட்சி. ரோடு கேட்கலாம் என்றது இன்னொன்று. சவூதியிலிருந்து திரும்பி டீக்கடை வைத்திருந்த சாகுல் பாய் ரோட்டுக் கட்சி. "அங்கன பாலைவனத்துலயே போட்டிருக்கான், இங்கன போட என்ன கேடு?" என்றார். ரோடு வந்தால் ரயிலுக்கு ஆள் பெருகும் என்று எல்லோரும் நம்பினோம். சந்தேகம் தீராத ஒருவர், எதைக் கேட்பது என்று வேட்பாளரிடமே கேட்டுவிட்டார். அவர் ஜீப்பில் நின்றபடியே பதில் சொன்னார்: "ரயிலு டெல்லிக்காரன் காசு, நான் கேட்டா தரமாட்டான். ரோடு நம்ம காசு. ரோட்டையே கேளுங்க."

தார் காய்ந்ததும்

அவர் ஜெயித்தார், வாக்குத் தவறவில்லை. பிளாட்பாரத்தின் விளிம்பு வரைக்கும் கறுப்பாகத் தார் ரோடு. முதல் சில நாள் ஜனங்கள் செருப்போடு வந்து ரயில் ஏறினார்கள். பிறகு அதே ரோட்டில் ஷேர் ஆட்டோ வந்தது, அதன் பின்னால் மினி பஸ். ரயிலுக்கு வந்தவர்களை என் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரிலேயே கூவி ஏற்றிக்கொண்டார்கள்.

மனைவி போன பிறகு, காலை வண்டிக்குக் கூடும் அந்த ஜனங்களோடு பேசுவதுதான் எனக்கு அன்றாடப் பேச்சு. அது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சாகுல் பாய் மினி பஸ்ஸில் கால் வைத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் தயங்கினார். "கோச்சுக்கிறாதீகண்ணே. இன்னைக்கு மட்டும் அவசரம். நாளைக்கு இன்ஷா அல்லாஹ் ரயில்லதான் வாரேன்."

கடைசிக் கூடை

டிக்கெட் விற்கவில்லை என்று நிறுத்தத்தை மூட முடிவானது. அதைச் சொல்ல வந்த ரயில்வே அதிகாரி நல்ல மனிதர். தன் காரை என் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி இறங்கி, "இவ்வளவு நல்ல ரோடு இருக்கே பெரியவரே, யாருக்கு என்ன கஷ்டம்?" என்றார். பாக்கியத்தின் பெயரைச் சொன்னேன். ஒரு கூடைக்காக ஒரு ரயிலை நிறுத்த முடியாது என்றார். கணக்குப்படி அது சரிதான்.

கடைசி நாளும் பெட்டியைப் போட்டேன். ஏறியது அவள் ஒருத்திதான். மறுநாளிலிருந்து மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் அவளைக் கூடையோடு ஏற்றவில்லை. ஆட்டோவைத் தனியாகப் பிடித்தால் கருவாடு விற்று மிஞ்சுவது ஒன்றுமில்லை. பரமக்குடிச் சந்தையை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வீடு மீன் காயும் எங்கள் ஊரிலேயே விற்கப் பார்த்தாள், யார் வாங்குவார்கள்?

போன வாரம் அந்தப் பக்கம் நடந்தபோது பார்த்தேன். தார் ரோட்டின் ஓரத்தில் வலையை விரித்து நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். எங்கே கொண்டுபோய் விற்பாய் என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்: "அது தெரியலண்ணே. ஆனா மணலு ஒட்டாம நல்லாக் காயுது."

அரசாங்கத்தைக் குறை சொல்ல வழியே இல்லை, கேட்ட ரோட்டைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே இருக்கிற ரயிலையும் சேர்த்துக் கேட்டு வைக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.