கடைக்காரர் கடைசியில்தான் குடிப்பார்

மலையாளத்து மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பாக, அதுவும் சுடச்சுடக் கொடுத்தார்கள். டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கீழே கொட்டினேன். பதிமுகம் என்ற மரப்பட்டை போட்டுக் காய்ச்சியது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊர் கம்பத்தில் குழாய்த் தண்ணீருக்கு நிறம் வந்தால் நகராட்சியோடு சண்டைக்குப் போவோம். இங்கே நிறம் இல்லாவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். பிழைக்க வெளியூர் போகிறவர்களே, எதையும் கொட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எனக்கு வேலை, சுக்கு மணக்கும் கிட்டங்கித் தெருவில் ஒரு முதியோர் இல்லத்தில். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, ஊட்டிவிடுவது எல்லாம் நான்தான். தமிழன் என்பதால் எல்லோருக்கும் நான் ‘அண்ணாச்சி’. படகுத்துறை அருகே காலமெல்லாம் சாயாக்கடை நடத்திய ஹம்சாக்கா என்ற பெரியவர் (இங்கே ‘இக்கா’ என்றால் அண்ணன்), பக்கவாதத்தில் இடது கை விழுந்தபின் எங்களிடம் வந்தார். வந்ததிலிருந்து சரியாக எதையும் குடிக்கவில்லை.

நானும் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. எங்கள் ஊரில் பெரியவருக்குத்தான் முதலில் கொடுப்போம். அதனால் மற்றவர்களுக்கு முன்பே, கழுத்தில் துண்டு கட்டி, மூக்கு வைத்த பிளாஸ்டிக் கோப்பையில் சாயாவை ஆற்றி அவர் வாயருகே கொண்டுபோவேன். “என் ராஜால்ல, ஒரே ஒரு வாய்” என்று கொஞ்சவும் செய்தேன். அவர் முறைத்தார்.

“ஞான் குட்டியல்ல.” குழந்தை இல்லையாம்.

பொறுப்பு நர்ஸ் லில்லி சிஸ்டர் கவலையோடு சொன்னார். “நாளெயும் குடிச்சில்லெங்கில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோயி டிரிப் இடணும்.” டிரிப் என்றதும் ஹம்சாக்காவின் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை கோப்பையை எடுக்காமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஹம்சாக்கா, சாயா எப்படி வேணும்? நீங்களே சொல்லுங்க.”

அவர் வலது கையால் அறையைச் சுற்றிக் காட்டினார். “இவரெல்லாம் குடிச்சோ?”

“இல்ல, உங்களுக்குத்தான் முதல்ல.”

“சாயாக்கடைக்காரன் ஆத்யம் குடிக்கிறது எவிடெயெங்கிலும் கண்டிட்டுண்டோ?”

சிரிப்பை என்னால் அடக்க முடியவில்லை. கடைசி ஆள் கையில் கிளாஸ் போகும்வரை தன் வாயை நனைக்காத மனிதரை, தினமும் விடிந்ததும் முதல் வேலையாக அவமானப்படுத்தியிருக்கிறேன், அதுவும் மரியாதை என்ற பெயரில்!

அன்றே துண்டு போயிற்று. தட்டுவண்டியில் கிளாஸ்களை அடுக்கி, அவருடைய சக்கர நாற்காலியையும் கூடவே தள்ளினோம். அவரே ஒவ்வொருவரிடமும், சாயா ஸ்ட்ராங்காக வேண்டுமா என்பதை “கடுப்பம் வேணோ?” என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். சர்க்கரை குறைவு என்றவருக்கு நல்ல திட்டு விழுந்தது. கடைசியில் பாதி நிரப்பிய கண்ணாடிக் கிளாஸில் அவர் குடித்தார். முண்டில் நாலு சொட்டு சிந்தியது, குடியா முழுகிவிட்டது? டிரிப் பேச்சை யாரும் பிறகு எடுக்கவில்லை. நான் மட்டும் வழக்கம்போல அடுக்களையில் நின்றபடி குடித்துக்கொள்வேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். அம்மா முதல் காப்பியை என்னிடம் நீட்டினாள். கை நீளவில்லை. “மொதல்ல எல்லாருக்கும் குடும்மா” என்றேன். “மலையாளத்தான் இவன என்ன பண்ணி வச்சிருக்கான்!” என்று அம்மா அங்கலாய்த்தாள். பச்சைத் தண்ணீரும் ஏனோ சப்பென்று இருந்தது.

திரும்பி வந்தபோது மாலைச் சாயா முடிந்திருந்தது. ஆனால் ஹம்சாக்காவின் கிளாஸ் தொடாமல் இருந்தது. மறுபடியும் பட்டினியா என்று பதறிப்போய் லில்லி சிஸ்டரைப் பார்த்தேன். “என்னோடு சோதிக்கண்டா, முதலாளியோடு சோதிச்சோ” என்று, தன்னைக் கேட்க வேண்டாம் என்பதுபோல ஹம்சாக்காவைக் கைகாட்டிச் சிரித்தார்.

“ஒராளும்கூடி பாக்கியுண்டு,” என்றார் ஹம்சாக்கா. தட்டுவண்டியில் மூடி வைத்திருந்த கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். “இனி அடுக்களையில் குடிக்கண்டா, அண்ணாச்சி. இவிடெ இரி.”

இந்த ஊரில் என்னை உட்கார வைத்து யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை. உட்கார்ந்தேன். கம்பத்துப் பழக்கம் விடுமா? கிளாஸை உயர்த்தி, உதடு படாமல், அண்ணாந்து குடித்தேன். கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ஹம்சாக்கா தன் கிளாஸை எடுத்தார்.