மூன்றாம் நாள் ஐஸ்

கோட்டைக்குப்பம் கரை. வெயில் ஏறியும் ஏரியில் ஒரு படகுகூட இல்லை. ஏரியைக் கடந்து பசியாவரம் தீவுக்குப் போக வந்த நான், முகக்கவசத்துக்குள் வியர்த்தபடி நிற்கிறேன்.

"இன்னிக்கும் போட் போவாது சார்" என்கிறார் வலைக்குவியல்மேல் உட்கார்ந்திருக்கும் ஏழுமலை. "ஊர்ல சாவு. பொணத்த எடுக்கறவரைக்கும் யாரும் ஏரியில எறங்க மாட்டோம்."

"எப்ப தவறினாரு?"

"முந்தாநேத்து. ஒரே புள்ள, குவைத்ல கீறான். அவன்தான் கொள்ளி போடணும்னு செத்தவரோட சம்சாரம், அந்தம்மா, பிடிவாதமா கீது. இந்தக் கொரோனாவால ரெண்டு தபா பிளேன் கேன்சலு. இன்னிக்கு ஏறிடுவேன்னு சொல்லிகிறான்."

எதிர்வீட்டு வாசலில் மீன் ஐஸைக் கொட்டி உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். உருகிய தண்ணீர் தெருவில் இறங்கி ஏரிக்கு ஓடுகிறது. மூன்று நாளாக வலை நனையாத ஆண்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

உள்ளிருந்து அந்தம்மா கையில் போனோடு வருகிறார். எல்லோரும் எழுகிறார்கள்.

"இன்னிக்கும் பிளேன் இல்லியாம். தூக்கிடுங்கப்பா. கொள்ளி நானே போடறேன்."

ஏழுமலை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு தன் படகின் டீசல் கேனை எடுத்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார்.