டாங்கு மூடியில் வைத்த சந்தனம்

அறுபதுகளின் கடைசியில், திருத்தணிக்கு அருகே ஓர் ஏரியில் இருந்த அரசாங்க மோட்டார் படகுக்கு நான் மேற்பார்வையாளர். அதை ஓட்டியவர் எத்திராஜ்.

ஆயுத பூஜையன்று என் கையாலேயே இன்ஜின் முழுவதும் சந்தனம் அப்பினேன். அந்த வாரச் சுத்தம் செய்ய எத்திராஜ் துணியோடு வந்தபோது தடுத்தேன்.

"சார், டீசல் டாங்கு மூடியில காத்து போற ஓட்டையச் சந்தனம் அடைச்சிக்கினு இருக்குதுங்க. தொடைக்கலைன்னா டீசல் இறங்காம நடு ஏரியில நின்னுடும்."

"பூஜை போட்ட பொட்டை அழிக்கிறதாய்யா? கார்த்திகை போகட்டும்."

"நின்னுபோனா சாமி வந்து தள்ளுமா சார்?" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொடவே கூடாது என்று உத்தரவு போட்டேன்.

பத்தே நாளில் பெருமழை. வெள்ளம் சூழ்ந்த ஊரிலிருந்து ஒன்பது பேரை ஏற்றி வந்த படகு நடு ஏரியில் நின்றது. நீர் அதை மதகுச் சுவருக்கு இழுத்தது. மோதாமலிருக்க எத்திராஜ் கையை ஊன்றித் தடுத்தார். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். அவருடைய வலது கை நசுங்கியது.

விசாரணையில், "ஓட்டுநர் இன்ஜினைப் பராமரிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தவன் நான். அவருக்கு வேலை போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகுதான் உண்மையை மேலிடத்துக்கு எழுதினேன். அதன் நகலோடு அவருடைய ஊரான ஆர்.கே.பேட்டைக்குப் போனபோது எத்திராஜ் உயிரோடு இல்லை.

"அவரு உசுரோட இருக்கசொல்ல வந்திருக்கலாமேங்க" என்றார் அவர் மனைவி. தாளை வாங்கவில்லை.

இப்போது எங்கள் கிணற்று இன்ஜினைப் பார்க்கும் மெக்கானிக் நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன், கழற்றச் சொன்னால் கழற்றுகிறேன். இதனால் எத்திராஜுக்கு ஒரு பயனும் இல்லை.