உப்பில்லாத நண்டுக் குழம்பு

சாமிதுரைக்குப் பிறந்ததிலிருந்தே ஒட்டிய கன்னம். கல்யாணத்தன்றே மனைவி அம்சம் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்குச் சோறு போட்டுத் தேற்ற நமக்கு ஆயுசு போதாது என்று நினைத்தாள். அந்தக் கன்னம், தெருவே கஞ்சிக்குப் பறந்த நேரம் பார்த்துப் பூசணிக்காயாக உருண்டதுதான் வினை.

வலங்கைமான் பக்கம் அவர்கள் ஊர். ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேடையெல்லாம் ரூபாய்க்குப் படி அரிசி பற்றிப் பேச்சு. வயலில் மட்டும் அதே பழைய கூலி. அறுக்கும் கலத்துக்கு அரைப்படி நெல் கூடுதலாகத் தந்தால்தான் குறுவையில் அரிவாள் வைப்போம் என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். விவசாயக் கூலிகள் சங்கத்தின் தலைவர் சாமிதுரை. மிராசுதார் பஞ்சநதத்தோடு தாலுகா ஆபீசில் பேசப் போகிறவரும் அவர்தான்.

இதற்கு நடுவில் அவருக்கு மூச்சிரைப்பு. படுத்தால் நெஞ்சு அடைத்தது. கும்பகோணத்தில் டாக்டர் கமருன்னிஸா ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். நோய் சாமிதுரைக்கு என்றாலும் சாப்பாட்டைப் பற்றி அம்சத்திடம்தான் பேசினார். விவரமானவர்.

"வெறும் வயித்துல குடுக்காதீங்க. இது அகோரமா பசிக்க வைக்கும். முகம் வீங்கும். அதனால உப்பைக் குறைங்க. ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம். சீனி, வெல்லமும் கம்மி பண்ணுங்க. கீரை, மோர், முட்டை குடுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, ஆபத்து."

"நண்டு குடுக்கலாமா டாக்டரம்மா?"

"குடுங்க. உப்பு மட்டும் பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்வது என்றால் அம்சத்துக்கு அடியோடு நிறுத்துவது. வீட்டுக்கு வந்ததும் உப்புச் சட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

பசியோ பசி. காலைக் கூழைக் குடித்து வாய் துடைப்பதற்குள் "அடுத்து என்ன?" என்பார் சாமிதுரை. பானையில் அரிசி இருந்தால்தானே? அம்சம் வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்து, வளைக்குள் கைவிட்டு நண்டு பிடித்தாள். விரலெல்லாம் கடி. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் வாசனை தெருமுனை வரை போகும். யாராவது கேட்டால் சிரித்து மழுப்பினாள். தலைவருக்கு நோய் என்று தெரிந்தால் மிராசு ஆட்கள் இன்னும் இழுத்தடிப்பார்கள், யாரிடமும் சொல்லாதே என்று சாமிதுரை அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

வாசனையையும் கன்னத்தையும் சேர்த்துப் பார்த்த தெரு, தானே ஒரு கணக்குப் போட்டது. பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் சாயங்காலம், சங்கக் கொடிக்கம்பத்தடியில் வீரையன் அதைப் போட்டு உடைத்துவிட்டான். வயலில் சாமிதுரைக்குப் பக்கத்தில் நின்று அறுக்கிறவன் அவன்.

"நம்ம பிள்ளைங்க வயிறு காயுது, அண்ணன் கன்னம் மட்டும் பளபளங்குது. பஞ்சநதம் வீட்டுக் கொல்லையில இலை போடுறாங்களோ என்னமோ! நாளைக்கு வேற ஆளு போகட்டும்."

சாமிதுரை எழுந்து வீட்டுக்கு வந்தார். மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் திரும்பினார்.

"பஞ்சநதம் வீட்டுல விருந்து திங்கிறேன்னு வீரையனே சொல்லிட்டான். இந்தக் கருமத்தைத் தூக்கி எறிஞ்சாத்தான் மூஞ்சி வத்தும். அப்பத்தான் நம்புவாங்க."

"மூஞ்சி வத்துறதுக்கு முன்ன மூச்சு நின்னுடும்யா!" என்று பொட்டலத்தைப் பிடுங்கி மடியில் செருகினாள் அம்சம். அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தியத்தையும் மீறுவதென்று முடிவு கட்டிக் கொடிக்கம்பத்துக்கு நடந்தாள். சாமிதுரை பின்னாலேயே ஓடினார்.

"பஞ்சநதம் வீட்டு விருந்து இது. முதல்ல நீ சாப்பிடு வீரையா."

வீரையன் ஒரு வாய் வைத்தான். முகம் கோணியது.

"என்னக்கா, உப்பே இல்ல?"

"விருந்து போடுறவங்களுக்கு உப்பு வாங்க வக்கில்ல போலருக்கு!" என்றவள், மாத்திரையைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். உப்பில்லாமல் ஒரு மனுஷன் சாப்பிடுவானா என்று ஆளாளுக்குத் தொட்டு நக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் இரண்டாம் தரமும் பார்த்தார்கள், பசிதான். சட்டி காலியானது.

சாமிதுரை எட்டிப் பார்த்தார். "எனக்கு?"

அம்சத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மாத்திரை போடும் நேரம். வெறும் வயிறு. வீட்டில் வேறு ஒன்றுமில்லை. வீரையனையும் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தாள்.

அவன் கையைச் சுட்டுக்கொண்டு ஒரு பானையோடு வந்தான்.

"நொய்க் கஞ்சிண்ணே. உப்பு போடுறதுக்குள்ள இறக்கிட்டேன். நாக்குல வச்சும் பாத்துட்டேன். குடிச்சிட்டு மாத்திரையைப் போடுங்க. நாளைக்கு நீங்கதான் பேசணும்."

வீரையன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு. அந்தப் பானைதான் அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு என்பது அம்சத்துக்குத் தெரியும். அவனைத் திட்ட அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அழுகை வந்துவிட்டது.

சாமிதுரை ஊதி ஊதிப் பானையை வாயில் வைத்தார். அந்தப் பசிக்கு அது இரண்டு மடக்குக்குக் காணாது. கால் பானைகூடக் குறைவதற்குள் இறக்கி, மாத்திரையை விழுங்கினார்.

"வயிறு நெறைஞ்சிடுச்சுப்பா" என்று பானையை வீரையன் கையில் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளைங்களுக்கு உப்பு போட்டுக் குடு."