ஏழு வாரத் தாமதம்

மலாய் நாட்டு ரவாங் ஊர்ச் சுப்பையாவின் கடைசி மகள் அமுதவள்ளி. அவளைக் கட்டினவர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த இராமலிங்கம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடித்தனம். பிள்ளை குட்டி இல்லை. அவர் பக்கத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளத் தம்பி பாலன் ஒருத்தர்தான், கிள்ளானில் வேன் ஓட்டுகிறவர்.

இராமலிங்கத்துக்கு அறுபத்தாறு வயதில் நெஞ்சு வால்வு சுருங்கிப்போனது. பத்து படி ஏறினால் மூச்சு வாங்கும். அறுவை செய்து புது வால்வு வைக்க வேண்டும் என்றார்கள். அதிலேதான் சிக்கல். முப்பது வருசத்துக்கு முன்னே பட்டறையில் சக்கரம் உருண்டு காலை நசுக்கியபோது அவருக்கு ஒன்பது பை ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அந்த ரத்தத்தை அவர் உடம்பு மறக்கவே இல்லை. இனி யார் ரத்தம் ஏற்றினாலும் பெரும்பாலும் எதிர்த்துச் சண்டை போடும். பொருந்துகிற பை நாடு முழுக்கத் தேடினாலும் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் இந்த ரத்த விசயத்துக்கென்றே இருந்த தாதி மலர்விழி, எல்லாருக்கும் 'மிஸி', விவரமாகச் சொன்னாள்.

"அங்கிள், வெளி ரத்தம் ஏத்தாமலே முடிக்கப் பார்ப்போம். கசிவு குறைய மருந்து போடுவோம். சிந்துற ரத்தத்தை மிஷின் உறிஞ்சி, கழுவி, உங்களுக்கே திருப்பிக் கொடுக்கும். ஆனா உங்க உடம்புல ரத்த அளவு, அதான் ஹீமோகுளோபின், இப்ப பத்தரைதான் இருக்கு. பதிமூணு ஆகணும். இந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தினம் போடுங்க. தைப்பூசம் முடிஞ்சதும் ஆப்பரேசன்."

"நான் பார்க்காத இரும்பா மிஸி? முப்பத்தஞ்சு வருசம் பட்டறையில அதைத்தானே தின்னேன்!" என்றார் இராமலிங்கம்.

வீட்டுக்கு வந்ததும் அமுதவள்ளி வேண்டிக்கொண்டாள். ஆப்பரேசன் நல்லபடி முடிய வேண்டும், பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. நாற்பத்தெட்டு நாள் விரதம். அவருக்கும் சேர்த்துத்தான். வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டை கூடக் கிடையாது. அப்போதுதான் மாத்திரைப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள். மாத்திரையின் மேல்கூடு எதில் செய்தது என்று பொடி எழுத்தில் மலாயில் போட்டிருந்தது. அதில் 'லெம்பு' என்ற வார்த்தை. ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவள்தான். ஆனால் லெம்பு என்றால் மாடு என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"என்னங்க, இது மாட்டு எலும்புல செஞ்ச கூடு. விரதத்துல இதை எப்படிக் கொடுக்கிறது?"

"அப்ப என்ன பண்ணலாங்கிற, வள்ளி?"

"முருங்கைக்கீரை இருக்கு, பேரீச்சம்பழம் இருக்கு. ஒண்ணரை மாசந்தானே."

அவர் மறுத்துப் பேசவில்லை. பெட்டி அலமாரிக்குள் போனது. அமுதவள்ளி தினமும் விடிவதற்குள் பாசார் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கினாள். ஆய்ந்து, வதக்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். தைப்பூசத்தன்று மஞ்சள் சேலையோடு அத்தனை படியும் ஏறினாள். படி ஏற முடியாத அவர், கீழே பாலனோடு நின்று கும்பிட்டார்.

மறுவாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பதே முக்கால்.

"அங்கிள், மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?" என்று கேட்டாள் மலர்விழி.

அமுதவள்ளி உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கப் போனாள். அவர் முந்திக்கொண்டார்.

"போட்டேனே மிஸி. ஒரு நாள் விடலை."

மாத்திரை போட்டும் ரத்தம் இறங்குகிறது என்றால் வயிற்றுக்குள் எங்கோ கசிகிறது என்று டாக்டர்கள் நினைத்தார்கள். நியாயந்தானே. ஆப்பரேசனைத் தள்ளிவைத்தார்கள். வயிற்றைக் கழுவ மருந்து கொடுத்து, மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்தப் பேதி மருந்து குடித்த அன்று அவர் குளியலறையில் மயங்கி விழுந்தார். அதற்கு மேல் அமுதவள்ளிக்குத் தாங்கவில்லை. மலர்விழியைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

மலர்விழி திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா கூடு இல்லாத தண்ணி மருந்து கொடுத்திருப்போமே, ஆன்டி. நரம்புல ஏத்துற மருந்தும் இருக்கு லா" என்றாள். "நாங்களும் விரதமான்னு கேக்கலை."

நரம்பில் இரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள். ரத்தம் மெல்ல ஏறி பன்னிரண்டரைக்கு வந்தது. இதுவே போதும் என்றார்கள். முதலில் குறித்த நாளுக்கும் ஆப்பரேசன் நடந்த நாளுக்கும் இடையே ஏழு வாரம்.

சொன்னபடியே செய்தார்கள். மிஷின் அவர் ரத்தத்தைக் கழுவி அவருக்கே கொடுத்தது. அப்புறம் சோதனைக்குக்கூட, கைக்குழந்தைக்கு எடுக்கிற சின்னக் குப்பியில்தான் ரத்தம் எடுத்தார்கள். தேடிப்பிடித்து வைத்திருந்த இரண்டு பையும் தொடாமல் திரும்பிப் போயின. பிறத்தியார் ரத்தம் ஒரு சொட்டு ஏறவில்லை. ஆனால் இதயம் களைத்துப்போயிருந்தது. நாலாம் நாள் மத்தியானம் நின்றுவிட்டது.

"அந்த ஏழு வாரத்தாலயா, டாக்டர்?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். "இல்லைன்னும் சொல்ல முடியாது."

பதினாறாம் நாள் காரியத்துக்கு ரவாங் சொந்தபந்தம் வீடு நிறைய உட்கார்ந்திருந்தது. ஆளாளுக்கு விதி என்றார்கள். பால்குடம் எடுத்தும் முருகன் கண் திறக்கவில்லையே என்றாள் ஒருத்தி. அமுதவள்ளியால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"முருகனை ஏன் இழுக்கிறீங்க? மருந்து கொடுக்காதது நான். ஆஸ்பத்திரியில கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்."

கூடத்து ஓரத்தில் இருந்த பாலன் எழுந்து வந்து அவள் முன்னே குந்தினார்.

"அண்ணி, அது எனக்கும் தெரியும். அண்ணன் போன்ல சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. 'உங்க அண்ணியை மிஸி திட்டுவா, யார்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னாரு. உங்க ரெண்டு பேரையும் வேன்ல ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போறப்பெல்லாம் மிஸிகிட்ட சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். சொல்லலை, அண்ணி."

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அமுதவள்ளி திட்டவில்லை. பாயில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.