அண்ணியும், ட்ரம்ஸுக்குள் மாட்டிக்கொண்ட பாடகரும்

அந்த உள்ளரங்க நீச்சல் குளத்தில் கத்துவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அண்ணிதான். மற்றவர்கள் எல்லாரும் இலவசமாகக் கத்துகிறார்கள். அடையாள அட்டையில் ‘பயிற்சியாளர்’ என்று கௌரவமாகப் போட்டிருக்கிறது. ஆனால் தண்ணீரில் கை கால் அடித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளிடம், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நின்று, ‘முழங்காலை மடக்காதே’ என்று புரிய வைப்பதற்குக் கத்துவது என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அங்கே எந்தச் சொல்லும் ஒரு முறையோடு போவதில்லை. கூரையில் முட்டி, ஓடு பதித்த சுவரில் மோதி, சொன்னவர் தலையிலேயே வந்து விழும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் விசிலை நம்புவார்கள். அண்ணி ஒரு சொல்லை விடுவாள், அது போய்த் திரும்பி ஓயட்டும் என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள், பிறகு அடுத்ததை விடுவாள்.

தொண்டை விஷயத்தில் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வழக்கு உண்டு. சேர்ந்து பாடும் குழுவில் அவள் குரல் மட்டும் தனியாக முன்னால் வந்து நிற்கிறது என்று பாட்டு டீச்சர், “நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டார். ஒத்திகையில் அசைத்தாள். விழா மேடையில் பாடிவிட்டாள். குழுவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. காரணம் யார் என்பதில் இன்று வரை இரண்டு கருத்து உண்டு. ஒன்று ஊருடையது, மற்றது அவளுடையது.

வாய்த்த கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ‘இது தெளிவா, அது தெளிவா’ என்பதற்கு மேல் ஒரு நாளைக்கு அதிகம் பேசமாட்டார். இரண்டு பேரையும் கூட்டி வகுத்தால் சராசரிக் குடும்பம். அவருடைய தம்பி பகலில் லிஃப்ட் மெக்கானிக், மற்ற நேரத்தில் கிட்டார்காரன். அவனுடைய ஹார்ட் ராக் குழு பல வருடங்களாக ஒத்திகை பார்ப்பது அண்ணி வீட்டுக் கார் ஷெட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில். உலகத்தைக் கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை என்று பாடுகிற குழு அது. ஆனால் அண்ணி துணிக்கூடையோடு உள்ளே வந்தால் நாலு பேரும் எழுந்து நிற்பார்கள். கொழுந்தன் கூப்பிடுவதைப் பார்த்து மற்றவர்களுக்கும் அவள் அண்ணி ஆகிப்போனாள்.

அந்தக் குழு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்யப் போனபோதுதான் வந்தது வினை.

அச்சகத்துக்கு மேல் மாடியில், சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டிய இரண்டு அறைகள்தான் ஸ்டூடியோ. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை நடுங்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேலை. ட்ரம்ஸ் வாசிக்கிறவன் பகலில் பேக்கரி வேன் ஓட்டுபவன், பட்டப்பெயர் குண்டூசி. ஆள் அந்த அளவுக்கு ஒல்லி. அவனுக்குத் தாளத்தை எண்ண வராது. பாட்டு வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் வாசிப்பான், வரி நின்றால் கையும் நின்றுவிடும். அதனால் பாடகரை அவன் முகத்துக்கு நேராக நிற்க வைத்துப் பாடச் சொல்லி ட்ரம்ஸைப் பதிவு செய்தார்கள். அது வெறும் வழிகாட்டிக் குரல், நிஜப் பாட்டை அப்புறம் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கிட்டாரின் ஒலி ட்ரம்ஸ் மைக்கில் புகுந்துவிடக் கூடாது என்று ஒலிபெருக்கியைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திய புத்திசாலிகளுக்கு, மனிதனுக்கும் வாய் இருக்கிறது என்பது தோன்றவில்லை.

பாடகருக்குப் பெயர் சிங்கம். அந்தப் பெயரை வைத்தது அவரேதான். எல்லாப் பாட்டுக்கும் வாத்தியங்கள் முடிந்து, அவர் தனியாகப் பாட வேண்டிய வாரத்தில், வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பும் இன்னொரு குழுவில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைச் சொன்னதும் அண்ணியின் கார் ஷெட்டில்தான். மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்த நேரம், அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஆள் தேடினார்கள். வந்தவர்களில் ஒருவருக்குக் குரல் இருந்தது, வரிகள் நினைவில் நிற்கவில்லை. இன்னொருவருக்குத் தலைமுடி மட்டும் இருந்தது. கடைசியில் குண்டூசிதான், அண்ணிக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆயிற்றே என்றான்.

“மனப்பாடம்தான். பிடிக்கும்னு நான் சொன்னதே இல்லையே” என்றாள் அண்ணி. ஆனால் மெஷினை நிறுத்திவிட்டுப் பாடிக் காட்டினாள். கொழுந்தன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். ஒத்திகையின் நடுவில் அவன் அப்படிச் செய்வது வழக்கமில்லை. பேஸ் கிட்டார்காரன், எப்போதும் போல, எல்லாரும் சம்மதித்த பிறகு சம்மதித்தான்.

அடுத்த ஞாயிறு அண்ணி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். காதில் சிங்கம் பாடிக்கொண்டிருந்தார். அந்த ஆளை நிறுத்துங்கள் என்றாள். ரெக்கார்டிங்காரர் அவர் குரல் பதிவான தடத்தை மட்டும் அணைத்தார். அணைத்த பிறகும் சிங்கம் பாடினார், கொஞ்சம் தள்ளி, கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. ரெக்கார்டிங்காரர் ஒவ்வொரு தடமாகத் தனித்தனியே கேட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஊர்ஜிதமான கெட்ட செய்திக்கு மட்டும்தான் கண்ணாடி துடைப்பார். பாடகர் ட்ரம்ஸ் மைக் அத்தனையிலும் இறங்கியிருந்தார். எல்லாப் பாட்டிலும், எல்லா வரியிலும். சாதம் குழைந்த பிறகு தண்ணீரை மட்டும் வெளியே எடுக்க முடியுமா என்ன.

ட்ரம்ஸை மறுபடி வாசித்துவிடலாமே என்று எல்லாரும் குண்டூசியைப் பார்த்தார்கள். “அது மாதிரி இன்னொரு தடவை எனக்கு வராதுப்பா. அப்ப எப்படி வந்துச்சுன்னே தெரியல” என்றான் அவன். சொன்னது நிஜம். அந்த நாட்களில் அவன் வாசித்தது அவன் வயதுக்கும் தகுதிக்கும் மேலே. அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை, அண்ணிக்குக்கூட.

கொழுந்தன் ஒரு வழி கண்டுபிடித்தான். சிங்கம் எங்கே ஆரம்பிக்கிறாரோ அங்கே அண்ணி ஆரம்பிக்க வேண்டும், எங்கே இழுக்கிறாரோ அங்கே இழுக்க வேண்டும், முடிக்கிற இடத்தில் முடிக்க வேண்டும். அவள் குரல் மேலே படிந்தால் அவர் அடியில் மறைந்துவிடுவார். பழைய சுவருக்குப் புது வர்ணம் மாதிரி. அண்ணி ஒரு பாட்டை அப்படியே, ஒரு மயிரிழை பிசகாமல், பாடிக் கொடுத்தாள். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கை தட்டினார்கள். சிங்கம் மாயமாகியிருந்தார்.

அவள் அதை ஒரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு வெளியே போய், காகித ரீம்கள் அடுக்கியிருந்த மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் பின்னாலேயே வந்து, நல்லாத்தானே இருந்தது என்றான்.

“அதுல நான் எங்கடா இருக்கேன்? அவன் படுத்திருக்கான், நான் மேல போர்வை போத்தி விட்டிருக்கேன்” என்றாள் அண்ணி. “அழிச்சுடு.”

கொழுந்தன் கெஞ்சினான். இதை விட்டால் ஆல்பம் இல்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்றான். எனக்குத் தெரியுமே என்றாள் அவள். வாயை அசைத்தால் போதும் என்று இதுவரை ஒரு டீச்சர் சொல்லியிருக்கிறார், இப்போது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் சொல்லியாயிற்று, இத்தோடு போதும் என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் வேலை நடக்கவில்லை.

வீட்டில் கணவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, “அவன் பேசுற வரைக்கும் பேசட்டும். கடைசி வார்த்தை உன்னோடதா ஆகாம நீ எப்ப அடங்கியிருக்கே” என்றார். அவர் கணக்கில் அது ஒரு மாதத்துக்கான பேச்சு.

அதற்கடுத்த ஞாயிறு அவள் சிங்கத்தை மறைக்கவில்லை. குளத்தில் செய்வதைத்தான் செய்தாள். அவர் ஒரு வரியை முடிக்கும் வரை நின்றாள், அது ட்ரம்ஸுக்குள் போய் ஓய்கிற நேரத்தில் தன் வரியைப் போட்டாள். எங்கேயாவது அவர் ரொம்ப இழுத்தால் பொறுக்கமாட்டாமல் நடுவிலேயே புகுந்தாள். அவர் கர்ஜித்த இடத்தில் வெறுமனே சொன்னாள், கடன்காரனுக்குக் கதவைத் திறக்காமல் பதில் சொல்கிற குரலில். பின்னால் ஒரு ஆண் உறுமிக்கொண்டே இருக்க, முன்னால் ஒரு பெண் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது போல் பாட்டு மாறிப்போனது. கொழுந்தனுக்கு அது பிடித்துவிட்டது, பயமாகவும் இருந்தது. ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தான். உங்களுக்கு ரசிகர்கள் என்று யார் இருக்கிறார்கள், எனக்கு எல்லாரையும் தெரியும், பாதிப் பேருக்கு நான்தான் நீச்சல் சொல்லிக் கொடுத்தேன் என்றாள் அண்ணி.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி இருந்தபோது சிங்கம் படியேறி வந்தார். வெளிநாட்டுப் பயணம் ரத்தாகிவிட்டது. விஷயத்தைக் குண்டூசி உளறியிருக்கிறான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று, மிகவும் நியாயமாகப் பேசினார். தான் ஏற்கெனவே எல்லாப் பாட்டிலும் இருப்பதாகவும், மேலே ஒரு தடவை பாடிவிட்டால் கோளாறே இல்லையென்றும், அண்ணிக்கும் இந்தத் தொல்லை இல்லையென்றும் சொன்னார். கேட்கக் கேட்க சரியாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். கொழுந்தன் தரையைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவன் தலை ஆடியிருக்கும். அண்ணிக்கு அது தெரிந்தது.

“தம்பி, உள்ள வந்து உட்காரு” என்றாள். “இந்த ஒண்ணைக் கேட்டுட்டு அப்புறம் பேசு.”

அவர் ரெக்கார்டிங்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி மைக் முன்னால் போனாள். ட்ரம்ஸ் தொடங்கியது, ட்ரம்ஸுக்குள் சிங்கமும் தொடங்கினார். நாற்காலியில் இருந்த சிங்கம் தன் குரலைக் கேட்டுத் தலையை லேசாக ஆட்டினார். அண்ணி வந்ததும் ஆட்டம் நின்றது. ஒரு வரி விடாமல் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனாள். அவர் உச்சத்துக்குப் போன இடத்தில் அவள் போகவேயில்லை, கீழேயே நின்றுகொண்டாள். மேலே போனவர் தனியாகத் தொங்கினார்.

பாட்டு முடிந்ததும் சிங்கம் ரெக்கார்டிங்காரரின் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“ரெண்டாவது வரியில லேட்டா வர்றீங்க அண்ணி” என்றார் சிங்கம்.

“லேட்டா வரல. நீ முடிக்கட்டும்னு நிக்கிறேன்.”

அவர் கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று ரெக்கார்டிங்காரரிடம் சொன்னான். அப்படியானால் என் குரலை எடுத்துவிடுங்கள் என்றார் சிங்கம். எடுக்க வராது என்று ரெக்கார்டிங்காரர் கண்ணாடியைத் துடைத்தார். காதில் விழாத அளவுக்காவது குறைக்கச் சொன்னார் சிங்கம். கொஞ்சம் குறைக்கலாம் என்று ரெக்கார்டிங்காரர் கை ஒலிக் குமிழை நோக்கிப் போனது.

“குறைக்காதீங்க சார்” என்றாள் அண்ணி, ஹெட்ஃபோனைக் கழற்றாமலே. “இன்னும் ஒரு சுத்து கூட்டுங்க. அவன் என்ன சொல்றான்னு கேட்டாத்தானே நான் என்ன சொல்றேன்னு புரியும்.”

ரெக்கார்டிங்காரர் கொழுந்தனைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார், பிறகு கூட்டினார்.