தாணு அண்ணன் பொடியை விட்ட கதை

அமோனியா வாசம்... ரப்பர் பாலில் கலப்பார்களே, அது. அமரவிளையில் நான் வேலைக்குச் சேர்ந்த ரப்பர் கம்பெனி ஆபீஸில் கண்ணெல்லாம் எரியும்.

அதையும் மீறி மணக்கும் தாணு அண்ணனின் மூக்குப்பொடி. அவர் எங்கள் ஹெட் கிளார்க். மூக்கு நுனி எப்போதும் தவிட்டு நிறம். மேனேஜர் சொல்வது தப்பென்றால் முகத்துக்கு நேரே, "அது செரியாவாது சார்" என்பார்.

நான் நேர் எதிர். ஆறு மாத ப்ரொபேஷன். மேனேஜர் ஜோக்கை முடிக்கும் முன்பே சிரிப்பேன். அம்பூரி மாமா வீட்டு வரிக்கச்சக்கையை, முழுப் பலாப்பழத்தை, பஸ்ஸில் சுமந்துவந்து அவர் காரில் வைப்பேன்.

ஒருநாள் மீட்டிங்கில், பெங்களூரிலிருந்து வந்த அந்த மேனேஜர் சொன்னார், "இந்த ஆபீஸில் ஒரு ப்ரவுன்நோஸர் இருக்கிறார். எனக்குப் பிடிக்காது."

ப்ரவுன் மூக்கு என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் தாணு அண்ணனின் மூக்கைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார், "எலே, நீ பி.ஏ. இங்கிலீஷ் அல்லியா... அது எனக்க பொடியைச் சொன்னதாக்கும், இல்லியா?"

நான் அதற்குள் போனில் தேடிப் பார்த்திருந்தேன். காக்கா பிடிக்கிறவன் என்று அர்த்தம். பெரிய ஆட்களின் பின்புறத்தில் மூக்கை வைத்துக் கொஞ்சுகிறவன்... அந்த நிறம் அங்கிருந்து ஒட்டுவது. இதையே மலையாளத்துச் சேட்டன்மார் மணியடி என்பதும் நாம் சோப்பு போடுவது என்பதும் இதன் பக்கத்தில் எவ்வளவு மரியாதை.

அது என்னைத்தான். சொன்னால் ஆபீஸே சிரிக்கும்.

"ஆமா அண்ணே," என்றேன்.

மறுநாளே பொடியை விட்டார். முப்பது வருஷப் பழக்கம். தலைவலி, கை நடுக்கம். நாலாம் நாள் பில்லில் லாரி நம்பரைத் தப்பாக எழுதிவிட்டார். லோடு செக்போஸ்டில் அரைநாள் கிடந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். முதல்முறையாக அண்ணன் பதில் பேசாமல் நின்றார்.

நான் தலைகுனிந்து டைப் அடித்தேன். அந்த வாரமே என் வேலை நிரந்தரமானது. ப்ரவுன்நோஸரைப் பிடிக்காது என்ற மேனேஜரே கையெழுத்தும் போட்டார், அதுதான் வேடிக்கை.

பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. அண்ணன் ரிட்டயராகி பாறசாலையில் இருக்கிறார். போன வாரம் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட போன் செய்தார். எனக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.



"அப்போ அது ஒன்னைச் சொன்னதாக்கும்."

"ஆமா அண்ணே. மன்னிச்சிருங்க."

"அண்ணைக்கே சொல்லியிருந்தா நானும் ஒன்கூடச் சிரிச்சிருப்பேன் மக்கா. இப்ப சிரிப்பு வரல்ல." பிறகு, "கல்யாணத்துக்கு வா, கேட்டியா," என்று வைத்துவிட்டார்.

இப்போது நானே மேனேஜர். அன்று சக்கை சுமக்க வேண்டியிருந்தது, இன்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கட்டைவிரல் படம் போதும். நான் குட்மார்னிங் போட்டாலே வந்து விழுகிறது. யார் எதற்குப் போடுகிறார்கள் என்று நன்றாகவே தெரிகிறது. ஆனால் யாரைப் பார்த்தும் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.